அக்காவுக்கு எடுத்த கவுன்

1

ஈப்போவில் ஒரு டோபிக் கடையில் வேலை பார்க்கிறேன். சலவைக்கடைக்கு இங்கே அப்படித்தான் பெயர். வந்து பதினோரு வருடம் முடிந்துவிட்டது. திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் எழுத்து எனக்குப் பழக்கமில்லை. நாலு பேர் முன்னால் பேசவும் வராது. சொல்ல வேண்டியது ஒன்று இருப்பதால் எழுதிப் பார்க்கிறேன்.

இத்தனை வருடத்தில் எனக்கென்று புதுத்துணி எடுத்தது ஒரே தடவை. வந்த முதல் தீபாவளிக்கு. அதற்குப் பிறகு சட்டை, கால்சட்டை, மழைக்கோட்டு எல்லாமே பண்டல் கடையில் எடுத்ததுதான். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் உடுத்திய துணி மூட்டை மூட்டையாகக் கப்பலில் வந்து இறங்கும். மூட்டையைப் பிரித்துக் கம்பியில் மாட்டி விற்பார்கள். அதனால் பண்டல் கடை. புதுச்சட்டை ஒன்று வாங்குகிற காசுக்கு அங்கே நல்லதாக ஐந்தாறு எடுக்கலாம்.

ஊரில் சொன்னால் முகம் சுளிப்பார்கள். செத்தவர் துணி என்பார்கள். நம் பக்கத்தில் பழைய துணி வீட்டைவிட்டு வெளியே போவது இரண்டு வழியில்தான். ஒன்று, செத்த வீட்டிலிருந்து. இன்னொன்று, எவர்சில்வர் பாத்திரக்காரியிடம் டம்ளருக்கு மாற்றாக. காசு கொடுத்து அதைத் திரும்ப வாங்குகிறவன் இருப்பான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

வீட்டுக்கும் அதையேதான் அனுப்பினேன். பழையது என்று சொல்லவில்லை. புதுசு என்றும் சொல்லவில்லை. அவர்களாகப் புதுசு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் விட்டுவிட்டேன்.

2

நல்ல துணி எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கலரைப் பார்க்கக்கூடாது. அக்குளைப் பார்க்க வேண்டும். அங்கே தையல் ஓரம் மஞ்சளாகவோ விறைப்பாகவோ இருந்தால் எத்தனை துவைத்தாலும் போகாது. அடுத்து காலரின் உள்பக்கம். பிறகு கால்சட்டை என்றால் உட்காருகிற இடம், தொடை உரசுகிற இடம். அந்த இடத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நூல் தேய்ந்திருப்பது தெரியும். கடைசியில் பித்தானும் ஜிப்பும். இவ்வளவும் சரியாக இருந்தால் அந்தத் துணியை ஒருவர் இரண்டு மூன்று தடவைக்கு மேல் போடவில்லை என்று அர்த்தம். அளவு சேராமல் போயிருக்கும், பிள்ளை வளர்ந்திருக்கும், இல்லை பிடிக்காமல் போயிருக்கும்.

என்னுடன் வேலை பார்க்கும் சேது நரிக்குடிக்காரன். ஞாயிற்றுக்கிழமை என்னோடு பண்டல் கடைக்கு வருவான். ஒன்றும் வாங்க மாட்டான். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருப்பான்.

“ஏலே, பொண்ணு பாக்கப் போன எடத்துலகூட இப்படி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்திருக்க மாட்டடா நீ.”

“பாத்திருந்தா அவ என்னைக் கட்டியிருக்க மாட்டா.”

“உள்ளதுதான். உன் அக்குளை அவ பாத்திருப்பா.”

எடுத்து வந்த துணியை எங்கள் கடை மெஷினிலேயே போட்டுக்கொள்ள முதலாளி விடுவார். வேலை முடிந்த பிறகு. சீனர், நல்ல மனிதர். வெந்நீரில் ஒரு தடவை, வாசனைத் தண்ணீரில் ஒரு தடவை. பிறகு கஞ்சித் தெளிப்பான் அடித்து ஆவி இஸ்திரி. உள்ளே அட்டை வைத்து மடித்து, காலருக்கு ஊசி குத்தி, பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட்டால் கடையிலிருந்து வந்தது மாதிரியே இருக்கும். கழுத்துப் பட்டையில் யாராவது பிள்ளையின் பெயரை மையால் எழுதியிருந்தால் அந்தப் பட்டையையே தையல் பிரித்து எடுத்துவிடுவேன். என் தொழில் இது. இதில் எனக்குக் கை சுத்தம்.

சேலை மட்டும் பண்டலில் வராது. ஒரு தமிழம்மா ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விரிப்பார். இங்கே உள்ள பெண்கள் ஒரு கல்யாணத்துக்குக் கட்டியதை இன்னொன்றுக்குக் கட்ட மாட்டார்கள் போலிருக்கிறது. என் மனைவி காளீஸ்வரிக்கு அங்கிருந்துதான்.

3

போன மாதம் ஒரு நாள் மதியம் மகள் நந்தினி கூப்பிட்டாள். அவள் அருப்புக்கோட்டையில் கல்லூரிக்குப் போகிறாள். முன்பெல்லாம் வீடியோவில்தான் பேசுவாள். இப்போது வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் குரல் மட்டும். நான் இங்கத்திப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் ‘போலே, போலே’ என்று சொல்லிவிடுவேன். சரி என்பதற்கு இங்கே உள்ள சொல். “என்னப்பா போலே? யாரைப் போல?” என்று முதலில் சிரித்தாள். பிறகு திருத்தினாள். இப்போது கண்டுகொள்வதில்லை.

“அப்பா, அம்மா பஸ் ஸ்டாண்டுல மயங்கி விழுந்துருச்சு. பயப்படாதீங்க, வீட்டுக்குக் கூட்டியாந்துட்டேன்.”

“என்னாச்சு?”

“மூணு வாரமா ஒரு வேளைதான் சாப்பிடுது. ராத்திரி மட்டும். விரதமாம். சுகர் மாத்திரையப் போட்டுக்கிட்டு வெறும் வயித்தோட தறிக்கு வேலைக்குப் போகுது. டாக்டர் திட்டுறாரு. நான் சொன்னா கேக்கமாட்டேங்குது.”

“என்ன விரதம்?”

“உங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னு சொல்லிச்சு. பெட்டியில இருந்த கவுனைப் பூச்சி அரிச்சுருச்சுப்பா.”

பெட்டி என்றால் என்ன என்று நம் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண் பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னிச்சாமி. எங்கள் வீட்டில் அது என் அக்கா ராக்காயி. அவளுக்கென்று ஒரு ஓலைப்பெட்டி உண்டு. தை மாதக் கடைசி வெள்ளியன்று பெட்டியைத் திறந்து போன வருடம் வைத்த துணியை எடுப்போம். அந்த இடத்தில் ஒரு கோடித் துணி, கண்ணாடி வளையல், ரிப்பன் வைத்து, பொங்கல் படைத்து மூடுவோம். உடுத்தாத, நனைக்காத துணியாக இருக்க வேண்டும். வெளியே எடுத்ததை வீட்டுப் பெண்பிள்ளைக்குப் போட்டுவிடுவோம். நந்தினி சின்ன வயதில் அப்படித்தான் போட்டாள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு மாட்டேன் என்றுவிட்டாள். இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போகிறது.

இந்தத் தையில் பெட்டியைத் திறந்தபோது கவுனில் முதுகு முழுக்க ஓட்டை. காளீஸ்வரி கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. அக்கா துணியை ஏற்றுக்கொள்ளவில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். ஏன் ஏற்கவில்லை என்பதற்கும் அவளிடமே ஒரு காரணம் இருந்தது. போன வருடம் காலையில் பெட்டியில் துணி வைத்தாள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு விலக்காகிவிட்டாள். வைக்கும்போதே உடம்பில் தீட்டு இருந்திருக்கும், தன் கைதான் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நாற்பத்தெட்டு நாள் ஒருபொழுது இருக்கிறாள். இந்த வருடம் புதிதாக எதுவும் வைக்கவும் இல்லை. பெட்டி காலியாக இருக்கிறது. விரதம் முடித்துத்தான் தொடுவாளாம்.

போன வருடம் பெட்டிக்குள் வைத்த அந்தக் கவுனை அனுப்பியவன் நான்.

4

அக்கா இறக்கும்போது அவளுக்குப் பதினொன்று, எனக்கு ஏழு இருக்கும். மஞ்சள்காமாலை. அவள் முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. அவள் கவுன்கள்தான் நினைவிருக்கின்றன. அப்பா அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சுக் கடையில் லோடு ஏற்றுகிற ஆள். முதலாளி வீட்டில் ஒரு மகள் இருந்தாள். அந்தப் பிள்ளைக்குச் சிறுத்துப்போனது எல்லாம் ஒரு மஞ்சள் பையில் எங்கள் வீட்டுக்கு வரும். முதுகில் பித்தான் போயிருந்தால் ஊக்கு குத்திக்கொள்வாள். அவளுக்குச் சிறுத்ததில் எனக்கு டவுசர் தைப்பார்கள். பூப்போட்ட டவுசர். பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள். அக்கா சிரித்தவர்களை அடிக்கப் போவாள். அடித்துவிட்டு வந்து, “நீ ஏண்டா வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற?” என்று எனக்கும் ஒன்று வைப்பாள்.

இறந்த வருடம் தையில்தான் அவளுக்கு முதல் புதுப்பாவாடை எடுத்தார்கள். பெட்டிக்குள் வைத்தார்கள்.

எல்லா வருடமும் காளீஸ்வரிதான் டவுனுக்குப் போய் எடுத்து வைப்பாள். நான் இரண்டு வருடமாக ஊருக்குப் போகாததால் போன வருடம், “இந்தத் தடவை நீங்க எடுத்து அனுப்புங்க. கூடப்பொறந்தவன் கையால வரட்டும்” என்றாள். புதுசு எடுக்க வேண்டும் என்றுதான் கடைக்குப் போனேன். இரண்டு கடை ஏறி இறங்கினேன். பிள்ளைகள் கவுன் எல்லாம் குத்துகிற நைலான். தொட்டால் சொரசொரக்கிறது. விலையும் அதிகம். அப்போது நந்தினிக்கு இரண்டாம் வருடக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு பண்டல் கடையில் அந்தக் கவுனைப் பார்த்தேன். பச்சைப் பருத்தி, வெள்ளைக் காலர், முதுகில் ஐந்து பித்தானும் இருந்தன. அக்குளைப் பார்த்தேன். காலரைப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். யாரோ ஒரு தடவை போட்டிருக்கலாம், அல்லது போடாமலே இருந்திருக்கலாம். எடுத்துவிட்டேன். மனசு உறுத்தியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்போது அப்படி ஒன்றும் இல்லை. கை பழகிப்போயிருந்தது, எடுத்தது. அக்காவுக்கு என்பதால் கஞ்சி மட்டும் மற்றதைவிட இரண்டு தடவை கூடுதலாக அடித்தேன். நன்றாக விறைத்து நின்றது. சேது லீவில் போகும்போது கொடுத்துவிட்டேன்.

கஞ்சிதான் பூச்சியைக் கூப்பிட்டது. சலவைக்கடையில் இருப்பவனுக்கு இது தெரியாமல் இருக்காது. கஞ்சி போட்ட துணியை மூடி வைத்தால் அதைத் தின்னவே பூச்சி வரும். மாதக்கணக்கில் வைக்கப்போகிற துணிக்குக் கஞ்சி போடாதே என்று வாடிக்கையாளர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அந்தக் கவுன் ஒரு வருடம் பெட்டிக்குள் இருக்கப்போகிறது என்பது அன்று என் புத்தியில் வரவில்லை. புதுசாகத் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது.

5

நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பெர்மிட் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. அதை விசாரிக்க ஒரு நாள் சம்பளம் விட்டு அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே என்னை என் பெயரால் கூப்பிட மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருப்பதால் அதைத்தான் கூப்பிடுவார்கள். இத்தனை வருடம் ஆகியும் ‘பெரியகருப்பன்’ என்று யாராவது கூப்பிட்டால் எனக்கு அப்பா ஞாபகம்தான் வருகிறது, எழுந்திருக்கத் தோன்றுவதில்லை. அன்றும் அப்படித்தான். இரண்டு தடவை கூப்பிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள். நான் போய் நின்றபோது அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

சேதுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“அடப்பாவி, சாமி துணியையா நான் தூக்கிட்டுப் போனேன்? சொல்லியிருந்தா தொட்டிருக்கவே மாட்டேனே.”

“இப்ப என்ன செய்யட்டும்?”

“ஒண்ணும் செய்யாத. இன்னும் மூணு வாரந்தான. விரதம் முடிஞ்சா அவுகளா சாப்பிடப்போறாக. நீ வாயத் தொறந்தா அது வேற எங்கயோ போயி நிக்கும்.”

“சுகர் இருக்குடா அவளுக்கு.”

“அப்ப கஞ்சியச் சொல்லு. கஞ்சி பொய்யில்லைல? மத்ததை ஏன் சொல்ற?”

அது எனக்குச் சரியாகப் பட்டது. பாதி உண்மை சொல்வதற்கு எனக்குக் குரல் இருந்தது.

6

மறுநாள் வேலைக்கு நடுவில் பின்பக்கம் வந்து காளீஸ்வரியைக் கூப்பிட்டேன். பேச்சு மூச்சு வாங்கிக்கொண்டே வந்தது அவளுக்கு.

“மூச்சு வாங்குதே உனக்கு?”

“மாடிப்படி ஏறி வந்தேன்.”

எங்கள் வீட்டில் மாடி கிடையாது.

“காளி, அந்தக் கவுனைப் பூச்சி அரிச்சது உன்னால இல்ல. அதுல கஞ்சி போட்டிருக்கு. கஞ்சிக்குப் பூச்சி வரும். என் தொழில் எனக்குத் தெரியாதா?”

“இவ சொல்லிட்டாளா உங்ககிட்ட? வாயி நிக்காது இவளுக்கு.” என்றாள். “நான் டவுன்ல எடுக்குற துணியும் கடைத்துணிதாங்க. அதுலயும் கஞ்சி இருக்கத்தான செய்யுது? இருபத்திரண்டு வருசமா எந்தப் பூச்சி வந்துச்சு? எனக்காகச் சொல்லாதீங்க. தப்பு என் கையில இருக்கு.”

“இல்ல.”

“அன்னைக்கு எனக்கு இடுப்பு வலிச்சுச்சுங்க. தெரிஞ்சேதான் வச்சேன். ஒரு நாள் தள்ளி வச்சிருக்கலாம். வெள்ளிக்கிழமை போயிருமேன்னு வச்சேன்.”

அவள் இதைச் சொல்லும்போது அழவில்லை. கடையில் நின்று கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். அதற்கு மேல் என்னால் கஞ்சியைப் பற்றிப் பேச முடியவில்லை.

“அது புதுத்துணி இல்ல” என்றேன்.

“எது?”

“கவுன். பழைய துணிக் கடையில எடுத்தேன். யாரோ போட்டது. புதுசாத் தெரியணும்னுதான் கஞ்சிய அள்ளி அடிச்சேன். அதான் அரிச்சிருக்கு. நீ வைக்கும்போதே அது கோடி இல்ல, காளி. உன் கை படுறதுக்கு முன்னாடியே.”

நான் போன் அறுந்துவிட்டதா என்று எடுத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சும்மா இருக்க முடியாமல் நானே பேசினேன். “அக்கா உசுரோட இருந்தப்பப் போட்டதெல்லாம் முதலாளி வீட்டுப் பிள்ளை போட்டதுதான். அவ ஒண்ணும் நெனைக்க மாட்டா.”

“அப்ப அவ மனுசி” என்றாள் காளீஸ்வரி. “இப்ப சாமி.”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“அப்ப எனக்கு அனுப்புனது?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை.

“எங்க அண்ணன் வீட்டு விசேசத்துக்குக் கட்டுனேனே, அந்த ஊதாச் சேலை?”

“அதுவும்தான்.”

“முனையில மஞ்சத் தடவி, சாமி முன்னாடி வச்சுக் கட்டுனேங்க. எங்க மதினி தொட்டுத் தொட்டுப் பாத்தா. எங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுல இருந்து எடுத்து அனுப்புனாருன்னு நானு...” நிறுத்திக்கொண்டாள். “எல்லாமேவா?”

“மொத வருசம் அனுப்புன சேலை புதுசு.”

“அது கிழிஞ்சே போச்சு” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

7

கொஞ்ச நேரத்தில் நந்தினி கூப்பிட்டாள். “என்னப்பா சொன்னீங்க?”

“ஏன்?”

“அம்மா வந்து உக்காந்து சோறு போட்டுச்சு. ரெண்டு தட்டு. அழுதுக்கிட்டே சாப்பிட்டுச்சு. உங்ககூட இனிமே பேசமாட்டேன்னு உங்ககிட்டச் சொல்லச் சொல்லுச்சு.”

“சாப்பிட்டாளா?”

“அதான் சொல்றேன்ல. பீரோவத் தொறந்து எல்லாத்தையும் கட்டில்ல போட்டுருக்கு. என் டாப்ஸும் அந்தக் கடைதானா?”

“ஆமா.”

அவள் சிரித்தாள். “இதுக்கா இவ்வளவு? எங்க காலேஜ்ல பாதிப் பேரு போன்ல பாத்து பழைய துணிதாம்ப்பா வாங்குறாங்க. அதுக்குத் த்ரிஃப்ட்டுன்னு பேரு. பெருமையாச் சொல்லிக்குவாங்க. நானே ஒண்ணு வாங்கியிருக்கேன், அம்மாவுக்குத் தெரியாது.”

எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அவள் எனக்குத் தெரியாத ஒரு ஊரிலிருந்து பேசுவதுபோல இருந்தது. அந்த ஊரில் பழைய துணிக்கு வெட்கம் கிடையாது, பெட்டிக்கும் இடம் கிடையாது. நல்ல ஊராகத்தான் இருக்கும். “போலே, போலே” என்றேன். அவள் வைத்துவிட்டாள்.

காளீஸ்வரி சொன்னபடியே பேசவில்லை. மூன்று வேளையும் சாப்பிடுகிறாள், மாத்திரை போடுகிறாள், வேலைக்குப் போகிறாள் என்று மகள் எழுதுவாள். அந்தச் சேலைகளை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. இங்கே வேலை எப்போதும்போல நடந்தது. சட்டைகள் வந்தன, போயின. சேது ஒரு நாள் மெதுவாகக் கேட்டான், “ஏலே, பேசுனாகளா?” இல்லை என்று தலையை ஆட்டினேன். அவன் அன்று கேலி எதுவும் பண்ணவில்லை.

பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். போனில் அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன்.

“இது பேசுறதில்ல. தகவல் சொல்றேன். டவுனுக்குப் போயிப் புதுப்பாவாடை சட்டை எடுத்தாந்து இன்னைக்குப் பெட்டியில வச்சாச்சு. அரக்குக் கலரு. என் சம்பளத்துல எடுத்தேன். ஆனா உங்க பேரைச் சொல்லித்தான் வச்சேன். கூடப்பொறந்தவன் நீங்கதான. தெரியாமச் செஞ்சுட்டான், வச்சுக்கிறாதன்னு சொல்லியிருக்கேன். அவ்வளவுதான். இனிமே துணி அனுப்ப வேணாம். ஒண்ணுமே அனுப்ப வேணாம். நீங்க வாங்க.”

தெரியாமல் செய்யவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

மூன்று தடவை கேட்டேன். பதில் சொல்ல அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாஸ்போர்ட் வரவில்லை என்று சொல்லலாம். வாரேன் என்று சொல்லலாம். விரல் தளர்ந்தது, பதிவு தானாகவே அவளுக்குப் போய்விட்டது. ஏழு வினாடிப் பதிவு, அதில் வாசிங் மெஷின் சுற்றுகிற சத்தம் மட்டும். அழிக்கலாமா என்று பார்ப்பதற்குள் பக்கத்தில் நீலக்கோடு விழுந்துவிட்டது. கேட்டுவிட்டாள்.